சுகந்தி மிஸ் சொன்னது

அதுவரை கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு பெண்ணின் கல்யாணத்தைச் சுகந்திதான் நிறுத்திவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள்.

இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டு ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள் சுகந்தி. கதவுக்கு வெளியே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். அவருக்குப் பின்னால், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் மனைவி.

"சுகந்தி டீச்சர் நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. நீங்க?"

"எம்பேரு பூபதிங்க. நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டற பட்டறை வெச்சிருக்கேன். தர்ஷிகாவோட அப்பா."

சுகந்தி மனசுக்குள் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். ராசிபுரத்தில் அவள் வேலை பார்க்கும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தர்ஷிகாக்கள் உண்டு. இரண்டு பேருடைய அப்பாக்களையும் அவளுக்குத் தெரியும்.

"எந்த தர்ஷிகாங்க?"

"நல்லாக் கேட்டீங்க!" என்றார் பூபதி. மனைவியின் பையிலிருந்து மகளின் பலகைக் கணினியை எடுத்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டி, அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

திரையில் சுகந்தி இருந்தாள். அவளிடம் இல்லாத கத்திரிப்பூ நிறப் புடவை கட்டியிருந்தாள். அவளைவிடக் கொஞ்சம் நிதானமான முகம். அந்த முகம் பேசியது.

"தர்ஷிகா, இங்க பாரு. இந்தக் கல்யாணத்துக்கு நீ சம்மதிக்க வேண்டாம். உனக்கு வேண்டாம்னா வேண்டாம். ஏன்னு யாருக்கும் காரணம்கூடச் சொல்லத் தேவையில்ல. நாளைக்குக் காலையில கிளம்பு. பரீட்சைய எழுது. மத்தத நான் பார்த்துக்கறேன்."

ஒரு சேலை எடுக்க வேண்டுமென்றாலும் புருஷனிடம் இரண்டு தடவை கேட்கிற அவள், யாரிடமும் எதற்கும் 'நான் பார்த்துக்கறேன்' என்று சொன்னதே கிடையாது.

"முந்தாநேத்து நிச்சயதார்த்தமுங்க," என்றார் பூபதி. "மண்டபத்துல சமையல் ஆளு வந்தாச்சு. காலையில எந்திரிச்சுப் பார்த்தா புள்ளையக் காணோம். ஒரு சீட்டு எழுதி வெச்சிருக்கா. 'சுகந்தி மிஸ் சொல்லிட்டாங்க, நான் போறேன்'னு. அவளக் கேட்டுக்கிட்டுத்தானுங்க எல்லாம் பண்ணோம். பையன் நல்ல பையன். ஒரு நாளு, ஒரு வார்த்த, வேண்டாம்னு அவ சொல்லலீங்க. நீங்க யாருங்க அவளுக்கு?"

அடுப்பில் இட்லிப் பானை சீறிக்கொண்டிருந்தது. பூபதியின் மனைவி மட்டும் ஒரு வார்த்தையும் பேசாமல் சுகந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனபிறகு கணவன் குணசேகர், பூபதி போனுக்கு அனுப்பிவிட்டுப் போன அந்தப் பதிவை இன்னொரு தடவை கேட்டான். அவன் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவன். எதையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டான்.

"குரல் உன்னோடதுதான்," என்றான் கடைசியில். "ஆனா இத்தன வருசத்துல நீ இப்படிப் பேசி நான் கேட்டதில்லையே."

ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. 'நூலேணி' என்ற இணையவழிக் கல்வி நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலுக்கு ஆசிரியர்களைத் தேடியது. சுகந்தி கோவைக்குப் போய் இருபத்திரண்டு நாள் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து பாடம் நடத்தினாள். அதற்குப் பிறகு அறுநூறு கேள்விகள் கேட்டார்கள். மாணவன் அழுதால் என்ன சொல்வீர்கள், பொய் சொன்னால் என்ன சொல்வீர்கள், பாடம் புரியவில்லை என்று நாலாவது தடவை கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று. தோன்றியதைச் சொன்னாள். கையெழுத்துப் போட்டாள், வந்துவிட்டாள். தன் குரலைத் தானே கேட்கக் கூச்சமாக இருந்ததால், அந்த வகுப்பை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை.

புதன்கிழமை அழைப்பாணை வந்தது. நாமக்கல் கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கும் கற்றல் இயந்திரக் குறைதீர் மன்றத்தில் பத்து நாளில் ஆஜராக வேண்டும். அன்று மாலையே பள்ளித் தாளாளர் கூப்பிட்டார். "பயப்படாதீங்க டீச்சர். மெஷின் சொன்னது, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு ஒரே வரியில சொல்லிட்டு வந்துருங்க. பள்ளிக்கூடத்துப் பேரு கெடக்கூடாது."

சுகந்திக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனாலும், தான் என்னவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறோம் என்று ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. சனிக்கிழமை ஈரோட்டில் பஸ் மாறிக் கோவைக்குப் போனாள்.

நூலேணி அலுவலகத்தில் அவளைப் பார்க்க வந்தவன் ரிஸ்வான் என்ற இளம் பொறியாளன். அவளைக் கண்டதும் படக்கென்று எழுந்து நின்றுவிட்டான்.

"சாரி மிஸ். பழக்கம். நானும் கெமிஸ்ட்ரி உங்ககிட்டத்தான் படிச்சேன்."

"நீ என் ஸ்டூடண்டா? எந்த வருசம்?"

"ஸ்க்ரீன்ல மிஸ். ஆனா என்னோட சுகந்தி மிஸ் வேற. அவங்க என்னைச் செமையாத் திட்டுவாங்க. நீங்க ரொம்ப சாஃப்டா இருக்கீங்க."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுப்பா. நான் என்னதான் பண்றேன் அதுக்குள்ள?"

ரிஸ்வான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "ஆரம்பத்துல எல்லாருக்கும் ஒரே சுகந்தி மிஸ்தான். உங்க இருபத்திரண்டு நாளு, உங்க அறுநூறு பதிலு. அதுக்கு வந்த ரேட்டிங் என்ன தெரியுமா மிஸ்? அஞ்சுக்கு ரெண்டு."

"ரெண்டா?"

"வேகமாப் போறாங்க, மெரட்டுறாங்க, சிரிக்கவே மாட்டேங்கிறாங்கன்னு எழுதிட்டாங்க. அதனால ஒவ்வொரு கிளாஸ் முடிஞ்சதும் 'இன்னைக்கு எப்படி இருந்துச்சு'ன்னு கேட்க ஆரம்பிச்சோம். ஸ்டார் குடுக்கலாம், கீழ ரெண்டு வரி எழுதலாம். அவங்க சொல்றத வெச்சு, அடுத்த நாள் மிஸ் கொஞ்சம் மாறிடுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா. இப்ப ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் சுகந்தி மிஸ் இருக்காங்க."

அவர்களில் சிலரை அவன் காட்டினான். ஆம்பூரில் ஒரு பெண்ணுக்கு, அவள் சோறு வடித்துவிட்டு வரும்வரை காத்திருக்கிற சுகந்தி. பரமக்குடியில் ஒரு பையனை 'தங்கம்' என்று கூப்பிடுகிற சுகந்தி. சமன்பாட்டைப் பாட்டாகப் பாடுகிற சுகந்தி. ஒன்றுமே பேசாமல் கணக்கை மட்டும் எழுதிக் காட்டுகிற சுகந்தி. எல்லோரும் அவளைப் போலவே மூக்குக் கண்ணாடியை விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்கள். பார்க்கப் பார்க்க, இதில் யாராக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்கே குழம்பியது. பரமக்குடிக்காரியின் மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

"சரி, அந்தப் பொண்ணுகிட்ட ஏன் அப்படிச் சொன்னேன்?"

"தெரியல மிஸ். புள்ளைங்க எழுதறத மூணு நாளுக்கு மேல நாங்க வெச்சிருக்கக்கூடாது, சட்டம். அவ என்ன கேட்டா, என்ன எழுதினான்னு எல்லாம் அழிஞ்சு போச்சு. நீங்க கடைசியாச் சொன்னது மட்டும்தான் இருக்கு."

"நான் சொல்லல."

"அதுதான் மிஸ் கேள்வியே." அவன் குரலைத் தாழ்த்தினான். "மன்றத்துல ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. 'இந்தச் சொற்கள் உங்கள் இயல்புக்கு உரியவையா?' நேர்ல அந்தப் பொண்ணு கேட்டிருந்தா நீங்க அப்படிச் சொல்லியிருப்பீங்களான்னு அர்த்தம். இல்லன்னு சொன்னா அது மெஷின் கோளாறு. உங்க மேல ஒண்ணும் வராது. எல்லா சுகந்தி மிஸ்ஸையும் நிறுத்தச் சொல்லிடுவாங்க. பப்ளிக் எக்ஸாமுக்கு இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு. ஆமான்னு சொன்னா எங்களுக்கு நல்லது. உங்க வேலை போனாலும் போகலாம். கம்பெனி ஆளா இருந்துக்கிட்டு நான் இதச் சொல்லக்கூடாது. ஆனா நீங்க என் மிஸ்."

"நான் உன் மிஸ் இல்லப்பா," என்றாள் சுகந்தி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நேரில் ஒரு பெண் வந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்துப் பார்த்தாள். சொல்லியிருக்க மாட்டோம் என்று பெருந்துறைவரை உறுதியாக இருந்தது. ஒருவேளை சொல்லியிருப்போமோ என்று ஈரோடு தாண்டும்போது தோன்றியது. ராசிபுரத்தில் இறங்கும்போது எதுவுமே நிச்சயமில்லை.

விசாரணை நாளன்று மன்றத்தின் நடைபாதையில் நல்ல கூட்டம். தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் சுகந்தி டம்ளரோடு நின்றபோது பூபதியின் மனைவி அருகில் வந்தார். பூபதி வக்கீலோடு உள்ளே போயிருந்தார்.

"டீச்சர்," என்றார் அந்தம்மா. சுகந்தி அவர் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. "எம்பேரு வளர்மதிங்க. நெசமாவே நீங்க சொன்னதுதானுங்களா அது?"

"இல்லைங்க. சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியாது. அதத்தான் உள்ளயும் சொல்லப் போறேன்."

வளர்மதி டம்ளரை நிரப்பினார். குடிக்கவில்லை. "மெஷின் சொன்னதுன்னு எழுதிட்டா, நாளைக்கே போலீசு போய் அவளக் கூட்டிட்டு வந்துருமுங்க. மெஷினு தப்பாச் சொல்லிக்குடுத்து எடுத்த முடிவு செல்லாதாம். மூணு மாசம் வீட்டுல வெச்சுப் புத்தி சொல்லணுமாம். வக்கீல் சொன்னாரு. மாப்பிள்ள வீட்டுல இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

"நான் சொன்னதுன்னா?"

"மனுசங்க சொல்லி எடுத்த முடிவுன்னா அது அவளோடதாமுங்க. பதினெட்டு ஆயிருச்சில்ல. யாரும் தொட முடியாதாம்."

சுகந்தி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "பொண்ணு எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சேலத்துல ஆஸ்டல்ல இருக்கா. வேளைக்குச் சாப்புடறா." இதைச் சொல்லும்போது மட்டும் வளர்மதியின் முகம் ஒரு கணம் மலர்ந்து அடங்கியது.

"இதையெல்லாம் நீங்களே அவங்கப்பாகிட்டச் சொல்லலாமே?"

"நானா?" என்றார் வளர்மதி. அப்படி ஒன்று உலகத்தில் நடக்கும் என்பதே புதுச் செய்திபோல இருந்தது அவர் கேட்டது. அதற்குள் உள்ளிருந்து பெயர் கூப்பிட்டார்கள்.

விசாரணை அலுவலர் வயதானவர். காலையிலிருந்து எட்டாவது வழக்கு போலிருக்கிறது. பதிவை ஒரு தடவை ஓடவிட்டார். கத்திரிப்பூப் புடவைச் சுகந்தி அந்தச் சிறிய அறையில் மறுபடியும் சொன்னாள்: உனக்கு வேண்டாம்னா வேண்டாம். மத்தத நான் பார்த்துக்கறேன்.

"இந்தப் பொண்ணை உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க."

"இந்தச் சொற்கள் உங்கள் இயல்புக்கு உரியவையா? ஆம், இல்லை, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் 'இல்லை' என்றுதான் மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். வாயைத் திறந்தபோதும் நாக்கில் அதுதான் இருந்தது. பூபதி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வளர்மதி தலையைக் குனிந்திருந்தார்.

"ஆமாங்க," என்றாள் சுகந்தி.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வேலை சம்பந்தப்பட்டது."

"கேட்டிருந்தா நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன்," என்றாள். சொல்லி முடித்த பிறகு, அது பொய்யா நிஜமா என்று தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். தெரியவில்லை.

வெளியே வந்தபோது பூபதி அவளை வழிமறித்தார். அடிக்கப் போகிறாரோ என்று, அவளோடு வந்திருந்த குணசேகர் குறுக்கே வந்தான். அவர் அடிக்கவில்லை. "எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க பயம் அவளுக்கு?" என்று கேட்டார். "நான் அவள ஒரு அடி அடிச்சதில்லீங்களே டீச்சர்." கண் கலங்கியிருந்தது. அவரை வெறுக்கலாம் என்று நினைத்திருந்த சுகந்திக்கு அதுவும் முடியாமல் போயிற்று.

அடுத்த வாரம் பள்ளியில் பணி நீக்க உத்தரவு கொடுத்தார்கள். தாளாளர் அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். "ஏன் அப்படிச் சொன்ன?" என்று குணசேகர் ஒரே ஒரு தடவை கேட்டான். "தெரியலயே," என்றாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. பொதுத்தேர்வு வந்தது, போனது. இரண்டு லட்சத்து எண்பதாயிரம் சுகந்திகளும் வேலையில் இருந்தார்கள். அவள் மட்டும் வீட்டில் இருந்தாள்.

மே மாதம் முதல் வாரம், வெயில் கொளுத்துகிற ஒரு மத்தியானம், காலிங் பெல் அடித்தது. சுடிதார் போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி நின்றிருந்தாள். சுகந்தியைப் பார்த்ததும் கும்பிடப் போனாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"மிஸ், நான் தர்ஷிகா."

உள்ளே கூட்டி வந்து மோர் கொடுத்தாள். அந்தப் பெண் மோரைக் குடிக்காமல் அவளையே உற்றுப் பார்த்தாள். "நீங்க கொஞ்சம் வயசானவங்களா இருக்கீங்க மிஸ்."

"ஆமாமா. நான் வளர்றேன், அது வளரல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தேர்வு நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள் தர்ஷிகா. அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தாள். "மன்றத்துல நீங்க சொன்னத அம்மா சொன்னாங்க. உங்களுக்கு வேலை போயிருச்சாமே. ஏன் மிஸ் பொய் சொன்னீங்க?"

"பொய்யின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் மிஸ். நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்க. மொதல்ல கேட்டப்ப சொல்லலையே."

சுகந்திக்கு விளங்கவில்லை. "மொதல்லன்னா?"

தர்ஷிகா துப்பட்டாவின் ஓரத்தைச் சுருட்டினாள். "பையன் வீட்டுல வந்து பார்த்துட்டுப் போன அன்னைக்குத்தான் மொதல்ல உங்ககிட்டக் கேட்டேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் மிஸ், என்ன பண்றதுன்னு. நீங்க கண்ணாடிய மேல தள்ளிட்டு, 'பெரியவங்க யோசிக்காமச் செய்ய மாட்டாங்க, படிப்ப அப்புறம்கூடப் பார்த்துக்கலாம், இப்ப ஏழாவது பாடத்த எடு'ன்னு சொன்னீங்க. நான் ஒரு ஸ்டார் குடுத்தேன்."

சுகந்தியின் கை தன்னையறியாமல் மூக்குக் கண்ணாடிக்குப் போயிற்று.

"மறுநாள் கொஞ்சம் மாத்திச் சொன்னீங்க. அம்மாகிட்டப் பேசுன்னு. ஒரு ஸ்டார். அப்புறம், அப்பாகிட்ட ஒரு வருசம் டைம் கேளுன்னு. ஒரு ஸ்டார். கீழ பெட்டியில எழுதுவேன். 'இது இல்ல, இன்னும் தைரியமாச் சொல்லணும்', 'மிஸ் பயப்படறாங்க', இப்படியெல்லாம். நாப்பத்தி ஒரு நாள் மிஸ். நாப்பத்தி ரெண்டாவது நாள்தான் நீங்க அதச் சொன்னீங்க. அஞ்சு ஸ்டார் குடுத்தேன். அன்னைக்குப் பூரா அழுதேன்."

வெளியே ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அந்த முதல் நாள் பதில், பெரியவங்க யோசிக்காமச் செய்ய மாட்டாங்க என்பது, அச்சு அசலாகச் சுகந்தியுடையது. ஏழாவது பாடத்தை எடு என்பதுகூட. அறுநூறு கேள்விகளில் எதற்கோ அவளே சொன்னதாகத்தான் இருக்கும். மன்றத்தில் அவள் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு வேலையை இழந்த வார்த்தைகளோ, எதிரே உட்கார்ந்திருக்கும் இந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணுடையவை.

"நூலேணியில எத்தனையோ பேர் இருக்காங்களே," என்றாள் ஒருவழியாக. "தைரியமாப் பேசற மிஸ் யாராச்சும் இருந்திருப்பாங்க. அவங்ககிட்டக் கேட்டிருந்தா ஒரே நாள்ல சொல்லியிருப்பாங்க."

"அவங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க மிஸ். சொல்லவே மாட்டாதவங்க வாயால வந்தாத்தானே நம்பிக்கை வரும். சுகந்தி மிஸ்ஸே சொல்லிட்டாங்கன்னா அப்புறம் என்னன்னு தோணுமில்ல."

சுகந்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"இப்ப நாமக்கல்லுக்குப் போறேன் மிஸ்," என்றாள் தர்ஷிகா. "அப்பா சரியாச் சாப்புடறதில்லையாம். பார்த்துப் பேசணும். மாப்பிள்ள வீட்டுல இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்களாம். போறதுக்கு முன்னாடி நீங்க ஒரே ஒரு தடவ அதச் சொல்றீங்களா? நேர்ல. உங்க வாயால கேட்டுட்டுப் போறேன்."

சுகந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தர்ஷிகா, இங்க பாரு," என்று ஆரம்பித்தாள். "இந்தக் கல்யாணத்துக்கு நீ..." குரல் நாடகத்தில் பேசுகிறவள் குரல்போல இருந்தது. மறுபடி முயன்றாள். பூபதியின் கலங்கிய கண்கள் நடுவில் வந்து நின்றன. முடியவில்லை.

"எனக்கு வரலம்மா," என்றாள். "நீ சொல்லு, நான் கேக்கறேன். உங்கப்பா இங்க உக்காந்திருக்கார்னு வெச்சுக்கோ."

"நானா?" என்றாள் அந்தப் பெண். சுவரைப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள். "அப்பா..." என்றாள். நின்றுவிட்டாள். சுகந்தி காத்திருந்தாள். "அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம்..."

"காதுல விழல," என்றாள் சுகந்தி.

"எனக்கு வேண்டாம்ப்பா."

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

ஏழெட்டுத் தடவை சொல்ல வைத்தாள். மூன்றாவது தடவை அழுதாள் தர்ஷிகா. ஐந்தாவது தடவை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் வார்த்தைகள் வெறும் வார்த்தைகளாக வந்தன. அதில் வீரமும் இல்லை, அழுகையும் இல்லை. மோரைக் குடித்து முடித்து, முகம் கழுவிக்கொண்டு அவள் கிளம்பினாள்.

வாசல்வரை போன சுகந்திக்கு மனசு கேட்கவில்லை. பூபதி என்ன சொல்வாரோ, அவளை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்துவிடுவாரோ. செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"நான் வேணும்னா கூட வரட்டுமா?"

தர்ஷிகா திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வேண்டாம் மிஸ்," என்றாள்.

சொல்லிவிட்டு வெயிலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்றிருந்த சுகந்தி, இன்னொரு செருப்பைப் போடுவதா, போட்டதைக் கழற்றுவதா என்று தெரியாமல், அந்தப் பெண் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.